கஞ்சியின் மேல் போட்ட பழி

என் மனைவியின் வலது கையில் முழங்கை வரை தோல் சுருங்கிக் கிடக்கிறது. சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். அது பொய். சொன்னவன் நான்.

எங்கள் காரில் என்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டுப்போயிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடாமல், போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நானே மாற்றக் கிளம்பினேன். மாலையில் வலங்கைமானில் ஒரு கல்யாண வரவேற்பு. அங்கே நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்ற ஆசையும் இருந்தது. கும்பகோணம் போய்ப் புது சென்சார் வாங்கி வந்து, வண்டியை வாசலில் நிறுத்திய கையோடு பானெட்டைத் திறந்தேன். டார்ச் பிடிக்க அவளைக் கூப்பிட்டேன்.

“அனல் அடிக்குதுங்க. செத்த நேரம் ஆறட்டுமே.”

“உனக்கு ரசம் ஆறுறதுதான் தெரியும். கிட்ட வந்து வெளிச்சத்தைக் காட்டு.”

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். அழுத்தத்தில் அடைபட்ட நீர் கொதிநிலையைத் தாண்டியும் நீராகவே இருக்கும், வழி கிடைத்தால் சீறும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பழைய சென்சாரை ஸ்பேனரால் திருகினேன். ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் பீய்ச்சி அடித்து அவள் கை முழுதும் பட்டது. என்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள், “கஞ்சி வடிக்கறப்போ கொட்டிக்கிட்டா டாக்டர்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஆமென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள், ஆறிய என்ஜினில் சென்சாரைப் பொருத்திவிட்டேன். கார் நன்றாகத்தான் ஓடுகிறது.

சென்னையிலிருந்து மகள் வந்தாள். “கண்ணும் சரியா தெரியல, கையும் நடுங்குது. இனிமே நீ அடுப்புகிட்டயே போகக் கூடாதும்மா” என்று சமையலுக்கு ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். என் மனைவிக்குக் கண்ணும் மங்கவில்லை, கையும் நடுங்கவில்லை. அவள் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டாள்.

“பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன். என் அடுப்பையாவது எனக்கு விட்டுடுவா.”

“இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது? மகராசியா உக்காந்து சாப்பிடேன்.”

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்டால் கூடத்திலிருந்து எழப் பார்ப்பாள், மறுபடி உட்கார்ந்துகொள்வாள். மகள் தினமும் போனில் என்னிடம் விசாரிக்கிறாள்.

“அம்மா அடுப்புப் பக்கம் போகலையேப்பா?”

“இல்லம்மா, நான் விடறதில்ல” என்கிறேன்.