நாற்பத்தொன்றாம் எண் பித்தளை வில்லை

என் மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க ஒரு பித்தளை வில்லையை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் நாற்பத்தொன்று என்ற எண். பழனிசெட்டிபட்டியில் இப்போது குடியிருக்கும் எங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், புதையலா?" என்பார்கள். இத்தனை வருடம் ஏஜென்ட் வேலை பார்த்ததில் எனக்குப் பேச்சே அலுத்துவிட்டது. சிரித்துவிட்டு ஃபாரத்தை நீட்டுவேன்.

கல்யாணமான வாரத்தில் என் கணவர் கொடுத்த வில்லை அது. காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில், கோவிலைச் சுற்றி வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் வாழும் ஊர் எங்கள் சொந்த ஊர். என் மாமனார் அங்கே மரணச் சகாயச் சங்கத்தின் கடைசிச் செயலாளர். வெள்ளைக்காரன் காலத்துச் சங்கம். அப்போது மலை எஸ்டேட்டுக்கு வேலைக்கு ஏறியவர்களில் பலர் காய்ச்சலோடு இறங்கி வந்து செத்துப்போனார்களாம். ஆயுள் காப்பு கம்பெனிகள் அந்த நாளில் துரைமார்களுக்கானவை. நம்மாட்கள் கேட்டால் சீக்கிரம் சாகிற சாதி என்று கூடுதலாகக் கட்டச் சொல்வார்களாம்; கூலிக்காரன் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அதனால் ஊர்க்காரர்களே சேர்ந்து மாதம் கொஞ்சம் போட்டு, சாவு விழுந்த வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலாளி என்று யாரும் கிடையாது. வருடக் கடைசியில் மிச்சமிருந்தால் அதுவும் போட்டவர்களுக்கே திரும்பும்.

அதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்றுதான். பணம் யாருக்கு என்று பெயர் எழுதி வைக்கமாட்டார்கள். சங்கத்தில் சேர்ந்தவனுக்கு எண் போட்ட ஒரு பித்தளை வில்லை, அவ்வளவுதான். புருஷன் தன் வில்லையைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் செத்தால், பிணம் எடுக்குமுன் அவள் அதைச் செயலாளர் கையில் வைப்பாள். பணம் அவள் கைக்கு வந்துவிடும். கொழுந்தனோ பங்காளியோ நடுவில் வர முடியாது. "யாரு பேரு எழுதியிருக்குன்னு கேக்காத தாயி. நாளைக்கு அந்த வீட்ல யாரு உலை வைக்கணும்னு கேளு" என்று மாமா சொல்வார்.

நான் கேட்கவில்லை. ஏஜென்ட் ஆன புதிதில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தச் சங்கத்தில் கிடைப்பது அடக்கச் செலவுக்கும் ஆறு மாதச் சோற்றுக்கும்தான், பாலிசி போட்டால் பிள்ளைகளே படித்து ஆளாகிவிடலாம் என்று வீடு வீடாகப் பேசினேன். பொய் இல்லை. ஒவ்வொருவராகச் சங்கத்தை விட்டு என்னிடம் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் கூடிச் சங்கத்தைக் கலைத்தார்கள். மாமாவும் கையெழுத்துப் போட்டார்.

ஃபாரத்தில் வாரிசு பெயர் கேட்கும் இடம் வந்தால் மட்டும் எங்கள் ஊர் ஆம்பளைகள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "ஆத்தா பேர எழுதுங்க மதினி. தாலி கட்டுனவ பேரச் சாவுக் காகிதத்துல எழுதுனா வெளங்குமா?" மாதக் கடைசிக்குள் கணக்கு முடிக்க வேண்டிய அவசரம் எனக்கு. கேட்டபடியே எழுதிக்கொடுத்தேன்.

அப்படி எழுதிக்கொடுத்தவர்களில் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து செத்தார். பணம் சட்டப்படி, சரியாக, அவர் அம்மாவுக்குப் போனது. அந்தம்மா இருந்தது இளைய மகன் வீட்டில். பணம் அவன் திராட்சைத் தோட்டத்தில் போர் போடப் போய்விட்டது. செத்தவரின் மனைவி என் வீட்டு வாசலில் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றாள். அவள் கையில் பாலிசிக் காகிதம் இல்லை, வில்லைதான் இருந்தது. "இத யார்கிட்டக் குடுக்கணும் மதினி?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து வந்த மாமா அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கலைத்த சங்கத்தின் செயலாளர், எழுபது வயதில், வெயிலில், ஒவ்வொரு பழைய உறுப்பினர் வீட்டிலும் அந்த வில்லையைக் காட்டினார். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் பணத்தை அவள் கையில் வைத்துவிட்டு வந்து, "ஒம்மேல தப்பில்ல தாயி" என்றார். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு, மனைவி பெயரைச் சொல்லாதவர்களுக்கு நான் ஃபாரம் எழுதுவதில்லை. பலர் எழுந்து போய்விடுகிறார்கள், போகட்டும். போன மாதம் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்து, தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அட்மிஷனுக்குக் காகிதங்களைத் தேடியபோது அவருடைய பாலிசி கிடைத்தது. வாரிசு: அவர் அம்மா. அத்தை இறந்து எவ்வளவோ காலமாகிறது. எழுத்து என்னுடையது. ஊரையெல்லாம் திருத்தப் போனவள் சொந்த வீட்டை மறந்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் பெயர் மாற்றும் ஃபாரத்தை நிரப்பி அவர்முன் வைத்து, பறக்காமலிருக்க வில்லையை மேலே வைத்தேன். "இப்பத்தான் பொழைச்சு வந்திருக்கேன், அதுக்குள்ள சாவுக் காகிதமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வில்லையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இந்தா, இது போதும்ல?"

கல்யாணமான வாரத்திலும் இப்படித்தான் மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் கிளம்ப இப்போது மாமா இல்லை. கதவைத் தட்டினால் கொடுக்க அந்தச் சங்கமும் இல்லை, கலைத்தவளே நான்தான். ஒரு கையில் வில்லையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நானும் கையை மடக்கவில்லை.