முருங்கைப் பொடியில் காரீயம்

எரியோட்டிலிருந்து வந்த அந்த அக்கா முருங்கை இலையைக் காயவைத்து, அரைத்து, பொடியாக விற்பவர். பொடியில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கிறதென்று சொல்லி, வாங்கியவர்கள் சரக்கு முழுவதையும் திருப்பிவிட்டார்கள். நாகல் நகரில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"இருந்தா இருக்குன்னே சொல்லுங்க தங்கச்சி. ஆனா எங்கெருந்து வந்துச்சுன்னு தெரியாம நான் விடமாட்டேன்" என்றார்.

பொடியை அமிலத்தில் முழுதாகக் கரைத்தால்தான் கருவி அளக்கும். சூடேற்றியதும் அது பால் போலப் பொங்கிப் பாதி வெளியே போனது. மறுதடவையும் அப்படியே. பிறகு அமிலத்தை ஊற்றி, சூடேற்றாமல் இரவெல்லாம் மூடிவைத்தேன். காலையில் இளஞ்சூட்டில் வைத்தபோது பழுப்புப் புகை மெல்ல அடங்கிக் கரைசல் தெளிந்தது.

அளந்தால், ஒப்பிடுவதற்காகப் பொடியே போடாமல் வெறும் அமிலம் ஊற்றிய குடுவையிலும் காரீயம். அப்படியானால் எந்த அளவையும் நம்ப முடியாது. குடுவைகளைத் திரும்பக் கழுவினேன், அமிலத்தை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். போகவில்லை. கடைசியில் ஒரு குடுவையைச் சன்னலருகிலும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வைத்துப் பார்த்தேன். சன்னலருகில் வைத்ததில் மட்டும் இருந்தது. சன்னல் சட்டத்தின் பழைய பச்சைப் பெயிண்ட் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலப் பெயிண்டில் காரீயம் உண்டு. துடைத்துச் சன்னலைச் சாத்திவிட்டு, வேர்க்க வேர்க்க எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். வெறுங்குடுவை சுத்தமாக வந்தது. பொடியில் காரீயம் இருந்தது.

மரத்தில் பறித்த இலையையும் காய்ந்த இலையையும் தனித்தனியாகக் கொண்டுவரச் சொன்னேன். பச்சை இலையில் ஒன்றுமில்லை. காய்ந்ததில் இருந்தது.

அடுத்த நாளே எரியோட்டுக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீட்டு மொட்டை மாடியில் இலை காய்ந்தது. பின்சுவரை ஒட்டி, பழைய பேட்டரிகளை உடைத்து அவற்றிலுள்ள காரீயத்தை உருக்கும் கொட்டகை; அதன் புகை மாடிப் பக்கம் வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாத்தம் தாங்காம மூக்கப் பொத்திக்கிட்டுக் கெடந்தோம். இம்புட்டு இருக்கும்னு நெனைக்கல" என்றவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எம் பிள்ளைக இங்கனதான் வெளையாடுதுக. அதுகளுக்கும் பாக்கணுமா?"

"பாத்துருங்கக்கா. நானும் வாரேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சின்னவளுக்குக் கொஞ்சம் இருந்தது. இடம் மாறினால் குறையும் என்றார் டாக்டர். அந்த வாரமே அக்கா பிள்ளைகளோடு தன் தம்பி வீட்டுக்குப் போனார். என் அறிக்கையை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அதிகாரிகள் வந்து கொட்டகையைப் பூட்டினார்கள். சின்னவளுக்கு அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. அந்தச் சீட்டைத்தான் அக்கா முதலில் காட்டினார். வாங்குபவர்களின் பரிசோதனையில் புதுப் பொடி தேறியதைப் பிறகுதான் சொன்னார்.