நூலகத் திரையில் தர்ஷிகாவின் பெயர்

கம்பளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் பழக் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு ஒரு கடை. உள்ளே போனால் திரும்ப இடமில்லை, பின்னாலேயே நடந்துதான் வெளியே வர வேண்டும். அதற்குள் உட்கார்ந்துதான் சந்திரகுமார் இத்தனை வருசமும் டீவி பழுது பார்த்தான்.

தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் இவனை விட்டதா, இவன் பள்ளிக்கூடத்தை விட்டானா என்பது இன்னும் தீராத வழக்கு. வாய் கொஞ்சம் கரடு. யார் டீவியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "யாரு இதத் தொறந்தது?" என்பதுதான் முதல் கேள்வி. திறந்தது கொண்டுவந்த ஆள்தான் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பான். கேட்டுவிட்டு ஒழுங்காகச் செய்து கொடுப்பான்.

ஒரே மகள் தர்ஷிகா. பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தாள். பள்ளிக்கூடம் விட்டால் நூலகம், நூலகம் மூடினால் அப்பா கடை, கடை மூடினால் இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு. அம்மா கமலம் வாசலில் நின்று, "ரெண்டு பேரும் இன்னிக்காவது நேரத்துக்கு வந்தீங்களே" என்பாள். ஒருநாளும் அவர்கள் நேரத்துக்குப் போனதில்லை.

அந்த நூலகத்து வாசலில் ஓர் அறிவித்தல் பலகை இருந்தது. சாரல் அடித்துத் தாளெல்லாம் ஊறி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும். ஊர் கூடித் துப்புரவு செய்யும் போன வருசத்துச் சிரமதானத்துக்கு வரச் சொல்லும் தாள் இந்த வருசமும் அதில் இருந்தது. நூலகர் கஜலட்சுமி மிஸ், பெரிய கடைகளில் இருப்பதுபோல் ஒரு திரை வைத்தால் நல்லது என்று நினைத்தார். கொழும்புக் கொம்பனி ஒன்று சொன்ன விலையை நகர சபைக் கூட்டத்தில் வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்களாம். கோபம்கூடப் படவில்லை, சிரித்தார்கள்.

தர்ஷிகா மிஸ்ஸிடம், "எங்கப்பா செஞ்சு தருவாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"யாரக் கேட்டு சொன்ன?" என்று சந்திரகுமார் பாய்ந்தான்.

"யாரக் கேக்கணும்? ஒங்களுக்கு முடியாதா?"

அந்தக் கேள்வியைத் தாங்குகிற ஆள் இல்லை அவன். அடுத்த ஞாயிறே திகனவுக்கு பஸ் ஏறினான். அங்கே ஹலீம் நானா, ஹோட்டல்கள் கழித்துப் போடும் சாமான்களை வாங்கி விற்பவர். மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் அடுக்கிய கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு டீவியை இழுத்து வெளியே வைத்தார்.

"படம் பளிச்சென்டு ஈக்கி. ஓரத்துல ஒரு கோடு மட்டும் வரும். நூலகத்துக்கென்டு செல்றீங்க. புத்தகம் படிக்கிற ஆக்களுக்குக் கோடு பழக்கம்தானே?"

"நானா, ஒங்க டீவிக்கு வந்த கோட்டுக்கும் நீங்க கத சொல்லி விப்பீங்க."

"விக்கத்தானே கொட்டில் போட்டீக்கிறன்!"

டீவி வந்தது. கணினியில் இருப்பதைத் திரைக்கு அனுப்பும் பழைய சின்னப் பெட்டி ஒன்றை அதன் முதுகில் ஒட்டி, நூலகக் கணினியிலிருந்து ஒரு வயரை இழுத்து, எல்லாவற்றையும் சந்திரகுமார் பொருத்தினான். திரையில் வருகிற பக்கங்களை உண்டாக்கியது தர்ஷிகா. தமிழும் சிங்களமும் பக்கத்தில் பக்கத்தில், கடும் நீலத்தின்மேல் வெள்ளை எழுத்து. புதிதாக வந்த நூல்கள், நூலகம் மூடும் நாட்கள், தொழில் விளம்பரங்கள் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வரும். கடைசியாக ஒரு பக்கத்தையும் அவளே யோசித்துச் சேர்த்தாள். தவணை கடந்தும் திருப்பித் தராத புத்தகங்களும், கொண்டுபோனவர்கள் பெயரும்.

"பேரு போட்டா வெக்கத்துல கொண்டாந்து குடுப்பாங்கப்பா."

"அப்ப மொதப் பேரு ஒன்னோடதுதான் வரும். நீ எந்தப் புத்தகத்த நேரத்துக்குக் குடுத்த?"

"எம் பேரு ஒருநாளும் வராது. பந்தயம்!"

பெட்டியில் ஒரு குறை இருந்தது. காலையில் திரையைப் போடும்போது ஒருமுறைதான் அது கணினியிலிருந்து பெயர்களை எடுத்துக்கொள்ளும். பகலில் யாராவது புத்தகத்தைக் கொடுத்தாலும், அணைத்துப் போடும்வரை பழைய பெயர்தான் ஓடும். "ஒடனே மாறாதாப்பா?" என்று அவள் கேட்டாள். "இந்த வெலைக்கு நாளைக்குத்தான் மாறும்" என்றான் சந்திரகுமார்.

பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது தர்ஷிகாவுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலம். எல்லா வீட்டிலும் யாருக்காவது காய்ச்சல். பெனடோல் மாத்திரை கொடுத்தார்கள், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதென்று கமலம் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினாள். டெங்கு அப்படித்தான், விட்டதுபோல் காட்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர்மார் ஓடி ஓடிப் பார்த்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கருமாதி முடிந்து, வந்த சனமெல்லாம் போய், சந்திரகுமார் கடையைத் திறந்தான். டீவி கொண்டுவருகிறவர்களிடம் இப்போது எதுவும் கேட்பதில்லை. வாங்கி வைப்பான். ஒருநாள் நூலகத்துச் சிற்றூழியர் வந்து, திரை இருண்டு போய்விட்டது, மிஸ் வேறு பயிற்சிக்குப் போயிருக்கிறார், ஒருக்கா வந்து பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

போய்ப் பார்த்தால், வயர் முனை கழன்றிருந்தது. வேறொன்றுமில்லை. சொருகிப் போட்டதும் நீலம் வந்தது. புதிய நூல்கள் வந்தன. மூடும் நாட்கள் வந்தன. பிறகு கடைசிப் பக்கம் வந்தது.

ச. தர்ஷிகா. உயிரியல் கடந்தகால வினாக்களும் விடைகளும்.

முதல் பெயராக இருந்தது. அவன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். எழுத்து முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில். கீழே இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"இன்னும் வரல்லயாடி அந்தப் புத்தகம்?" என்றாள் ஒருத்தி.

"எங்க வாறது? இருக்கிறதே ஒண்ணுதான். எவளோ தர்ஷிகாவாம். படிச்சு முடிச்சு கெம்பஸுக்கே போயிருப்பா. இனி அவ புள்ள படிச்சதுக்குப் பொறகுதான் நம்ம நிரோஷினிக்குக் கெடைக்கும்."

இரண்டும் சிரித்தன. சந்திரகுமார் ஏணியிலிருந்து இறங்கினான். எப்படி இறங்கினான் என்று அவனுக்கு ஞாபகமில்லை. புத்தகத்தைப் பற்றி அவன் நினைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போயிருப்பாள் என்றார்களே, அது ஒன்றுதான் காதில் நின்றது.

அன்றிலிருந்து பின்னேரமானால் கடையை அடைத்துவிட்டு நூலகத்துக்குப் போனான். யாராவது கேட்டால், "அந்த வயர் சரியில்ல, பாத்துக்கிட்டு இருக்கணும்" என்பான். பத்திரிகை மேசைப் பக்கத்துக் கதிரையில், திரை நேராகத் தெரிகிற இடத்தில் உட்காருவான். நீலம் சுற்றிச் சுற்றி வரும். அவள் பெயர் வரும், போகும், மறுபடி வரும். ஊரெல்லாம் அவளைப் பற்றிப் பேச்சை விட்டுவிட்டது. பள்ளிக்கூட இடாப்பில் பெயரை வெட்டியிருப்பார்கள். இந்த ஒரு இடத்தில்தான் அவள் புத்தகம் எடுத்துக்கொண்டு போன பிள்ளையாக இருந்தாள். கொண்டுவந்து கொடுப்பாள் என்று யாரோ எதிர்பார்க்கிற பிள்ளையாக.

மிஸ் பயிற்சி முடிந்து வந்த அன்றே அந்தப் பெயரைக் கண்டுகொண்டார். நேராக அவனிடம் வந்தார்.

"மன்னிச்சிக்கங்க சந்திரகுமார். தவண முடிஞ்சா அது தன்னால பேரப் போடுது. நான் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன். இப்பவே எடுத்துடுறேன், நாளைக்குக் காலையில இருக்காது."

"எடுக்காதீங்க மிஸ்."

"பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"குடுக்காட்டிப் பேரு இருக்கணும். அதுதானே சட்டம்? அவ போட்ட சட்டம்தானே?"

மிஸ் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். பெயர் இருந்தது.

அப்படியே இருந்திருக்கும். ஆனால் அந்த நிரோஷினி என்ற பிள்ளை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையோடு, ஒவ்வொரு நாளும் மிஸ்ஸின் மேசைக்கு வந்து கேட்டது. "வந்துச்சா மிஸ்?" இல்லை என்றதும் அழவோ முறையிடவோ செய்யாது. இல்லாத புத்தகத்துக்குப் பதில் வேறு ஏதாவது பழையதை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காரும். ஒருநாள் சந்திரகுமாரின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே அவனிடமே கேட்டது.

"மாமா, நீங்கதானே இந்த டீவிய செஞ்சது? இதுல பேரு மட்டும்தான் போடலாமா? வீட்டு அட்ரஸ் போட்டா நானே போய் வாங்கிக்கிட்டு வந்துடுவேன். பரீட்ச கிட்ட வருது மாமா."

சந்திரகுமார் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தான். அந்த வீட்டு விலாசம் அவனிடம்தானே இருந்தது.

புத்தகம் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். சாமித் தட்டுக்குக் கீழே, தர்ஷிகாவின் படத்துக்கு முன்னால், கமலம் அதை வைத்திருந்தாள். காய்ச்சல் வந்த அன்று தலைமாட்டில் விரித்தபடி கிடந்த புத்தகம். நூலகத்து முத்திரை உள்ளே இருந்தாலும் கமலத்துக்கு அது மகளின் புத்தகம். வெள்ளிக்கிழமை தோறும் அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள், ஒரு பூ வைப்பாள்.

"அது நம்ம புத்தகம் இல்ல, கமலம்."

அவள் அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். "பின்ன யாரோடது?"

"நூலகத்தோடது. இன்னொரு புள்ள காத்துக்கிட்டு இருக்கு."

"காத்துக்கிட்டு இருக்கட்டும்! கடையில வாங்கிக் குடுங்க அந்தப் புள்ளைக்கு. எம் புள்ள கடைசியாத் தொட்டது அது. சட்டையெல்லாம் ஒங்க சனம் ஆத்துல விட்டுச்சு. இதையும் கேக்க வந்துட்டீங்களா?"

"கடையில இல்ல. இருந்தா வாங்காமலா?" ஒளித்து வைத்திருந்ததைச் சொல்லாமல் முடியாது என்று பட்டது. "அங்க டீவியில அவ பேரு வருது, கமலம். புத்தகம் குடுக்கல்லன்னு. நான் தெனமும் போய்ப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

கமலம் திரும்பினாள். கரண்டி கையில் அப்படியே நின்றது.

"எம் புள்ள பேரா?"

"ம்."

"இத்தன நாளா ஒங்களுக்கு மட்டும் காட்டுதா அது? என்னையக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு தோணல்லயா ஒங்களுக்கு?"

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"புத்தகத்தக் குடுத்தா?" என்றாள் பிறகு, மெதுவாக.

"பேரு போயிடும்."

அன்று இருவரும் சாப்பிடவில்லை. விடிந்து அவன் முகம் கழுவிவிட்டு வந்தபோது, கமலம் நல்ல சேலை கட்டிக்கொண்டு, புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஈரத் துணியால் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தனம் போய்விட்டது. குங்குமம் போகவில்லை, இளஞ்சிவப்பாய் ஒரு கறை நின்றது.

"படிக்கப்போற புள்ள. சாவு வீட்டுப் பொட்டோட குடுக்கக் கூடாதுங்க," என்றாள்.

கமலம் அதுவரை ஒரு நூலகத்துக்குள்ளும் போனதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினாள். "போட்டுக்கிட்டே வாங்கம்மா" என்று மிஸ் சொல்லியும் கேட்கவில்லை, வெறுங்காலோடுதான் உள்ளே வந்தாள். சந்திரகுமார் தான் வழக்கமாக உட்காரும் கதிரையில் அவளை உட்கார வைத்தான். நீலம் வந்தது.

"இந்த நெறம் யாரு போட்டது?"

"அவதான்."

"அவ பள்ளிக்கூட ரிப்பன் நெறம்," என்றாள் கமலம்.

பெயர் வந்தது. கமலம் தோட்டத்துப் பள்ளியில் ஐந்து வரை படித்தவள். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். வாசித்து முடிக்குமுன் பக்கம் மாறியது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து, இந்தத் தடவை முழுதாக வாசித்தாள். பிறகு எழுந்துபோய்ப் புத்தகத்தை மிஸ்ஸின் மேசையில் வைத்தாள். மிஸ் அதைக் கணினியில் பதியும்போது கறையைக் கண்டார், பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

பள்ளிக்கூடம் விட்டு நிரோஷினி வந்தது. "வந்துச்சா மிஸ்?" என்ற பழைய கேள்வி. மிஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார். பிள்ளை அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்து, "பாவம், குடுத்துட்டாங்கதானே மிஸ்! பேரு இன்னும் ஓடுதே? எடுத்துடுங்க" என்றது.

"நாளைக்குத்தாம்மா மாறும்," என்றார் மிஸ்.

அவன் செய்த பெட்டியின் குறை அன்றைக்கு உதவியது. அந்த ஒருநாள் மிச்சம் இருந்தது. இருவரும் அசையாமல் இருந்தார்கள். மேசைகளில் சனம் வந்து போனது. மூலையில் நிரோஷினி புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டேயிருந்தது. கமலம் ஒருதடவை திரையைப் பார்த்தால் மறுதடவை அந்தப் பின்னலைப் பார்த்தாள்.

மூடும் நேரம் வந்தது. சிற்றூழியர் ஜன்னல்களைச் சாத்தினார். பிள்ளைகள் போய்விட்டார்கள். மிஸ் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, கை வைக்க முடியாமல் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வேணாம் மிஸ். அவரு அணைப்பாரு," என்றாள் கமலம்.

சந்திரகுமார் எழுந்து போனான். எத்தனையோ டீவியை அணைத்த கை. சுவர் சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றான். திரையில் தொழில் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இருங்க," என்றாள் கமலம் பின்னாலிருந்து. "ஒருக்கா வரட்டும்."

மிஸ் தன் கதிரையில் மறுபடி உட்கார்ந்தார். சிற்றூழியரும் கதவைப் பிடித்தபடி நின்றார்.

ச. தர்ஷிகா.

அடுத்த பக்கம் வரச் சந்திரகுமார் விடவில்லை.

வெளியே தூறல். கமலம் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வெறுங்கையோடு நடக்க அவளுக்கு ஒருமாதிரி இருந்திருக்க வேண்டும், அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு இருவரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள். வாசலில் நின்று அதைச் சொல்லத்தான் ஆளில்லை.