இறக்கி வைத்த பொங்கல் பானை

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு முதல் வியாதி முகவரிதான்; தாராவியில் வண்டி ஓட்டும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

இல்லாத தோல் கம்பெனி

பொங்கலன்று காலை போன் வந்தது. சண்முகம் என்று ஒருவர். "அண்ணாச்சி, அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஜல்தி வாங்க. தோல் கம்பெனி சந்து!" அவ்வளவுதான், வைத்துவிட்டார். இங்கே தோல் கம்பெனிகளை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது, அங்கெல்லாம் கட்டடம் வந்துவிட்டது. நம் ஜனம் மட்டும் இன்னும் பழைய கம்பெனியைச் சொல்லித்தான் வழி சொல்லும். எந்தக் கம்பெனி என்று கேட்கத் திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. முனையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் கத்திக் கேட்டேன்.

"சண்முகம் வீடா? அது நாங்குநேரிக்காரங்க சந்துல்லா! பிள்ளையார் கோயில் தாண்டித் திரும்பும்."

பாதை முழுக்க அடுப்பு

திரும்பினேன், செத்தேன். சந்து நெடுகச் செங்கல் அடுப்பு, பானை, புகை. வீட்டுக்குள் இடமில்லாததால் பொங்கல் தெருவில்தான். பொங்கும் முன்னே பானையை இறக்கினால் அந்த வருஷமே விளங்காது என்பார்கள். ஹாரன் அடித்தேன், ஒருத்தியும் அசையவில்லை. "இந்தா பொங்கிரும், கொஞ்சம் பொறும்" என்றாள் ஒருத்தி.

எனக்கு வந்ததே கோபம்! இறங்கி, "அங்கே சண்முகம் அப்பாவுக்கு மூச்சு நிக்கப்போகுது, உங்களுக்குப் பானையா பெரிசு?" என்று கத்தினேன். அடுப்பு வரிசையிலிருந்து செல்லக்கனியம்மா என்பவர் எழுந்தார். நுரை கட்டிக்கொண்டிருந்த தன் பானையை முந்தானையால் பிடித்து இறக்கினார்.

"குழாயடிச் சண்டையிலேர்ந்து அந்த ஆளோட எனக்குப் பேச்சுக் கிடையாது. அதுக்காவ சாகவா விடமுடியும்? ஏட்டி, எல்லாரும் இறக்குங்க!"

நாலடி தூரம்

பெரியவர் பிழைத்தார். சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் நான்தான். கைத்தாங்கலாக இறக்கும்போது எதிர்வாசலில் செல்லக்கனியம்மா நின்றுகொண்டிருந்தார். பெரியவர் அவரைப் பார்க்காமல் என்னிடம், "தம்பி, அன்னைக்கு அவ பானை பொங்குச்சான்னு கேளு" என்றார். குரல் உடைந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், அந்தம்மாவும் என்னையே பார்த்துச் சொன்னார்.

"பொங்கல தம்பி. ஆளு நடந்து வாராருல்லா, அது போதும்னு சொல்லிரு."

நோயாளியைச் சுமக்கத்தான் வேலைக்கு வந்தேன். நாலடி தூரத்துக்குச் சேதி சுமப்பதும் அதே சம்பளத்தில்தான்.