கணினிக்குள் ஒரு லயம்

போன திங்கட்கிழமை காலை. புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன்... கொழும்பிலிருந்து போன்.

பேசியவர் எங்கள் பயிற்சி நிலையத்தின் பரீட்சகர். நல்ல மனிதர்தான். ஆனால், சுகம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தால் விஷயத்தின் காரம் குறைந்துபோகும் என்று நினைப்பவர்.

"டீச்சர், உங்கட பதுளை வகுப்பில பன்னிரண்டு பேரும் ஒரே விடையை எழுதியிருக்கினம். பாத்தனீங்களோ?"

பார்த்தேன். 'அழும் பிள்ளையை முதலில் துக்க வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்கலாம்.' தூக்க வேண்டியது 'துக்க' ஆகியிருந்தது. ஒருவருக்குக் கை தவறலாம். பன்னிரண்டு பேருக்கும் அதே இடத்தில் தவறுமா?

"இது பாத்து எழுதினது. இப்பிடியெண்டா ஒருத்தருக்கும் சான்றிதழ் இல்லை" என்றார். அன்று புட்டு கட்டிபட்டுப் போனது வேறு கதை.

ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குத்தான் நான் பாடம் நடத்துகிறேன். ஒருவர் நமுனுகுலவில், ஒருவர் கொஸ்லந்தவில், இன்னொருவர் மொனராகலைப் பக்கம். வாராவாரம் பதுளைக்கு வரச் சொன்னால் சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்குப் போய்விடும். ஆகவே, பாடத்தை இன்டர்நெட்டில் நடத்துவோம் என்று மேலிடத்தில் முடிவானது. முடிவெடுத்தவர்களுக்கு என்ன... நடத்துவது நானல்லவா? பாஸ்வேர்ட் மறந்து மறந்தே மூன்றாவது இமெயிலுக்கு வந்து சேர்ந்தவள் நான்.

அதற்கென்று ஒரு மென்பொருள் தந்தார்கள் — டிஜிட்டல் நோட்டுப் புத்தகம். நம் அப்பியாசக் கொப்பி மாதிரிதான், ஆனால் கணினிக்குள் இருக்கும். பதுளையில் உட்கார்ந்து நான் பாடம் எழுதி, படம் ஒட்டி, என் குரலையும் பதிந்து வைத்தால், நமுனுகுலவில் தோட்டத்துக் கணினி அறையில் அதே பக்கம் திறக்கும். அவர்கள் எழுதும் விடையை நான் வீட்டிலிருந்தே திருத்தலாம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நோட்புக், அதற்குள் செக்‌ஷன், அதற்குள் பேஜ், அதற்குள் சப்-பேஜ் என்று முதல் நாள் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் புரிந்தது என்று எந்த ஆசிரியர் இன்னும் நம்புகிறார்?

ஒருவர் என் போஷாக்குப் பாடத்தின் நடுவே, 'வணக்கம் டீச்சர், சாப்பிட்டீங்களா' என்று எழுதிவைத்தார். இன்னொருவர் தன் விடையை மற்றவருடைய பக்கத்தில் எழுதிவிட்டு, தன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று அழுதார். நமுனுகுல செல்வராணி போனில் கூப்பிட்டாள்.

"டீச்சர், நான் எழுதுனதைக் காணோங்க."

"எங்க எழுதினனீங்கள்?"

"கம்ப்யூட்டர்லதாங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. கணினியும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம், பாடத்தைத் தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்று அவளிடம் விலாசம் கேட்டேன்.

அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "மேல் டிவிஷன்ங்க. மூணாவது லயம். அஞ்சாம் காம்பரா."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். தோட்டம், அதற்குள் டிவிஷன், அதற்குள் லயம் என்கிற வரிசை வீடுகள், அதற்குள் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா... இதைத்தானே ஒரு மாதமாக இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தேன்?

அன்றே எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றினேன். முழுப் புத்தகமும் தோட்டம். பாடத்துக்கு ஒரு டிவிஷன். வாரத்துக்கு ஒரு லயம். அந்த லயத்தில் ஆளுக்கொரு காம்பரா. அதன்பிறகு ஒருவர்கூட வழி தவறவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது என்று வையுங்கள்.

ஆனால், லயம் என்று பெயர் வைத்துவிட்டு லயத்துப் பழக்கம் மட்டும் வரக்கூடாது என்றால் முடியுமா? லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் பல இடங்களில் கூரையைத் தொடாது. இங்கே வெங்காயம் தாளித்தால் அங்கே தும்முவார்கள். எங்கள் கணினி லயமும் அப்படியே ஆனது. ஒருத்தி அடுத்தவளின் காம்பராவுக்குள் போய், 'படம் நல்லா இருக்குக்கா' என்று எழுதிவிட்டு வருவாள். திரும்பும்போது, ஒரு கை மிளகாய்த்தூள் வாங்குவதுபோல ஒரு வசனத்தையும் எடுத்து வருவாள். நான் அதை ரசித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அப்படித்தான் அந்தத் 'துக்கம்' பன்னிரண்டு காம்பராவுக்கும் பரவியது.

எல்லோரையும்விட எனக்குக் கவலை செல்வராணியைப் பற்றித்தான். அவள் பிள்ளைக் காம்பராவில் தற்காலிகமாக இருக்கிறாள். இந்த மாத முடிவுக்குள் சான்றிதழைக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள் வரும்.

"மலைக்குக் கொழுந்து எடுக்கப் போறது ஒண்ணும் கேவலம் இல்லைங்க டீச்சர். ஆனா, இந்தப் புள்ளைங்களை விட்டுட்டுப் போகணுமே" என்றாள்.

பரீட்சகரிடம் மன்றாடினேன். கடைசியில் ஒரு சந்தர்ப்பம் தந்தார். அதே விஷயத்தில், வெள்ளிக்கிழமைக்குள், புதிதாக ஒரு விடை. 'உங்கள் பிள்ளைக் காம்பராவில் அழுத ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுக.' ஒவ்வொருவரும் தன் பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்ட வேண்டும். அந்தச் சொல்லை வெள்ளிக்கிழமை எனக்கு மட்டும் சொல்ல வேண்டும். மறந்தால்? அந்த மென்பொருளில் மாற்றுச் சாவி கிடையாது. செய்தவர்களாலேயே திறக்க முடியாதாம்.

வெள்ளி காலையில் முதல் போன் செல்வராணியுடையது.

"டீச்சர்... பூட்டிட்டேங்க. இப்ப தெறக்க மாட்டேங்குது. அந்த வார்த்தை மறந்துபோச்சு."

திட்ட வாய் வரவில்லை. மறதியைப் பற்றி நான் யாரைத் திட்டுவது? திரும்ப எழுத நேரமும் இல்லை. தோட்டத்துக் கணினி அறையை மத்தியானம் மூடிவிடுவார்கள். அவளோ நாற்பது பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச வேண்டும். போனை வைத்துவிட்டு, பரீட்சகரிடம் என்ன சொல்வது என்று வசனம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவளே.

"தெறந்துருச்சுங்க டீச்சர்."

"எப்பிடி?"

"கொஸ்லந்த அக்காகிட்ட கேட்டேங்க."

"உங்கட பாஸ்வேர்ட் அவவுக்கு எப்பிடித் தெரியும்?"

மெதுவாக, "எல்லாருக்கும் ஒண்ணுதாங்க" என்றாள்.

அடுத்த அரை மணி நேரத்தில் மற்றவர்களின் எஸ்.எம்.எஸ். ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பார்த்தால்... அதே சொல். அதே சொல். அதே சொல். செல்வராணியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"பூட்டச் சொன்னது எதுக்கு? எல்லாரிட்டையும் சாவி இருந்தா அது என்ன பூட்டு?"

"யாருக்காவது மறந்தா தெறக்கணும்ல டீச்சர். வேலைக்குப் போறப்ப பக்கத்துக் காம்பராக்காரங்க சாவியை நம்மகிட்டதான் குடுத்துட்டுப் போவாங்க. அதுக்காக உள்ள போயி அவங்க சோத்தைத் தின்னுருவமாங்க?"

ஒரே சொல்லால் பன்னிரண்டு கதவுகளையும் திறந்து வாசித்தேன்.

பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். மொனராகலைப் பிள்ளை காதுக்குள் எறும்பு போய் அழுதிருந்தது. கொஸ்லந்தப் பிள்ளை காரணமே இல்லாமல் அழுதிருந்தது. கடைசிவரை தெரியவில்லை என்று அந்த அக்கா நேர்மையாக எழுதியிருந்தார். செல்வராணியின் விடையில் ஒரு பையன் நான்கு நாளாக அழுகிறான். தூக்கினாள், நிற்கவில்லை. தூக்கிக்கொண்டே அறைக்குள் நடந்தபோது பின்பக்க ஜன்னலருகே வந்ததும் அழுகை நின்றது. அங்கிருந்து பார்த்தால் மலையில் அவனுடைய அம்மா தெரிகிறாள். பறிக்கும் இடம் மாறியதால், அவன் வழக்கமாகப் படுக்கும் பக்கமிருந்து அம்மா தெரியாமல் போய்விட்டாள். பாயை அந்த ஜன்னலடிக்கு மாற்றினாள். அவ்வளவுதான்.

இந்த முறை 'தூக்கினேன்' என்று சரியாக எழுதியிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் விடையைத் திருத்திப் புள்ளி போட்டேன்.

மாலையில் பரீட்சகர் பேசினார். குரலில் வெற்றி.

"பாத்தீங்களே டீச்சர்? பூட்டினவுடன எல்லாரும் சொந்தமா எழுதியிருக்கினம். இனி எல்லா ஊரிலையும் இதே ஒழுங்குதான். சான்றிதழ் செவ்வாய்க்கிழமை தபாலில வரும்."

"ஓம் சேர், நல்ல பூட்டு" என்றேன்.

அந்தப் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்காதீர்கள். என் இமெயிலுக்கும் இப்போது அதுதான். மறந்தால் கேட்பதற்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே.