என் பெயரில் கசந்த உப்பு

பிரியமானவர்களே, போன சித்திரையில் என் பட்டறையை மூடிவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். உப்பளத்துத் தண்ணீர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் டிகிரிக் குழாயை, கண்ணாடி ஊதி, ஈயக்குண்டு போட்டு, நானே செய்யக் கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. மரக்காணத்தில் எனக்கு இணை இன்றும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் குழாய் பாதி விலைக்கு வந்து இறங்கியது. என்னிடம் வாங்க ஆளில்லை. அழுது ஜெபித்தேன். மறுநாளே புதுச்சேரி வியாபாரி ஒருவர் வந்தார்.

"பெரியவரே, சரக்கு நான் தர்றேன். உங்க பேரை மட்டும் ஒட்டிக் குடுங்க. அதுக்குத்தான் இங்க மதிப்பு."

அந்தப் பேச்சு இனித்தது. ஒட்டினேன். ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் எழுந்து சாட்சியும் சொன்னேன். இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து எங்கள் சபையின் மேரி பட்டறைக்கு வந்தாள். அனுமந்தைப் பக்கம் குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு விளைவிக்கிறவள். முந்தானையை அவிழ்த்து ஒரு பிடி உப்பை நீட்டினாள்.

"வாயில போடுங்கண்ணா."

போட்டேன். காறித் துப்பினேன். அப்படி ஒரு கசப்பு.

"துப்பிட்டீங்க இல்ல? வாரின உப்பு மொத்தமும் இப்படித்தான் கெடக்குது. ஒங்க பேரைப் பாத்துதாண்ணா அந்தக் குழாய வாங்கனேன். சபையில நின்னு சாட்சி வேற சொன்னீங்களே."

குளிர்தேசத்துக்கு அளவுக்கோடு போட்ட குழாய் அது. நம் வெயிலில் காய்ந்த தண்ணீரில் அளவைக் குறைத்துக் காட்டும். அதை நம்பினால், உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வடிக்கும் நேரம் தாண்டிவிடும். என் குழாய்க்கு உச்சிவெயிலில், பாத்தித் தண்ணீரிலேயே மிதக்கவிட்டுத்தான் கோடு போடுவேன். இவ்வளவும் தெரிந்த நான், ஒட்டுவதற்கு முன் ஒன்றைக்கூட மிதக்கவிட்டுப் பார்க்கவில்லை. "ஆண்டவரே, இந்த அழுக்கைக் கழுவும்" என்று மண்ணில் விழுந்தேன்.

ஞாயிறன்று முன் சொன்ன சாட்சியைப் பொய் என்று எல்லார் முன்பும் அறிக்கையிட்டேன். பிறகு பாத்தி பாத்தியாகப் போய் அந்தக் குழாய்களைத் திரும்ப வாங்கி, என்னுடையதைக் கொடுத்தேன். மேரி அப்போதும் நம்பவில்லை.

"என் பாத்தியிலயே மிதக்க வுட்டுக் கோடு போடுங்க. நான் நின்னு பாக்கறேன்."

போட்டேன். பக்கத்துப் பாத்திக்காரர்களும் கூடிவிட்டார்கள். இரண்டு குழாயும் இரண்டு அளவு காட்டியதைக் கண்ணால் பார்த்தார்கள். "எனக்கும் என் பாத்தியில வந்து போடுங்க" என்றார்கள். இன்று அவரவர் பாத்தியில், அவரவர் கண்முன்தான் கோடு போடுகிறேன். கடல் தாண்டிச் சரக்கு அனுப்புகிறவன் இந்த வெயிலில் வந்து நிற்பானா?

நெருக்கடியில் இருக்கிறவர்களே, ஜெபத்தில் தைரியமாகக் கேளுங்கள். எனக்கு ஆண்டவர் அனுப்பிய பதில் வியாபாரி அல்ல, மேரிதான். அவள் உப்பு இந்தப் பருவம் வெள்ளையாக, சுத்தமாக விளைந்திருக்கிறது. வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.