ரகுவைச் சரிசெய்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு மாமி என்னை ஒரே வரியில் க்ளீன் போல்டு ஆக்கினார்.

மாமி என்றால், என் நண்பன் ரகுவின் அம்மா. ரகு? காலேஜில் நாலு வருஷமும் என் பெஞ்ச். கல்ச்சுரல்ஸ் என்றால் நான் கீபோர்டு, அவன் டிரம்ஸ். ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா பறந்துவிட்டான். நான் கே.கே. நகர் மொட்டைமாடி ரூமில் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அதாவது... கீபோர்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் ரகு ரூமுக்கு வந்தான்.

"மச்சி, டிரம் செட்டை ஃப்ளைட்ல ஏத்த மாட்டான். கடைசியா ஒரு தடவை வாசிச்சுட்டுப் போறேன்டா."

என் கீபோர்டுக்குள் டிரம்ஸும் உண்டு. ஒரு கட்டையைத் தட்டினால் 'தும்', பக்கத்துக் கட்டையில் 'டக்'. ரெண்டு விரலால் அஞ்சு நிமிஷம் வாசித்தான். எந்தக் கட்டை, எந்தக் கணத்தில் என்று மெஷின் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. ஃப்ளாப்பியில் ஏற்றிவைத்தேன்.

ரகுவுக்கு ஒரு வியாதி. ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை, இல்லையா? மூணு சுற்று சமர்த்தாக இருப்பான். நாலாவதில் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுவான். எத்தனை மேடையில் நான் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடியிருக்கிறேன்!

"மெதுவாடா, டேய்!"

"நீ வேகமா வாடா, சோம்பேறி!"

அவன் போனபிறகு சாயங்காலங்களில் பேச ஆள் இல்லை. பாண்டி பஜாரில் ஒருத்தனாக எத்தனை ரவுண்டு அடிப்பது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரகுவைப் போட்டுக் கேட்பேன். கூடவே நானும் வாசிப்பேன். நாலாவது சுற்றில் ஓடுவான். திட்டுவேன். பதில் வராது.

ஒருநாள் கடுப்பில் குவான்டைஸ் பட்டனை அழுத்தினேன். விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்திருந்தால், ஒவ்வொரு தட்டையும் இழுத்துச் சரியான இடத்தில் உட்காரவைக்கிற பட்டன் அது. 'நிச்சயமாகவா?' என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்றேன். அதே ஃப்ளாப்பியில், அதே பெயரில், பழையதற்கு மேலேயே சேவ் செய்தேன்.

அட, என்ன சுத்தம்! பெருமை தாங்கவில்லை. கேசட்டில் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை மயிலாப்பூர் போனேன். 'அவன் வாசிச்சது ஏதாவது இருந்தா குடுடா' என்று மாமி முன்பே கேட்டிருந்தார்.

"வா, வா. ஆத்துல சத்தமே இல்லைடா. சாப்பாட்டு டேபிளைத் தட்டித் திட்டு வாங்கக்கூட ஆள் இல்லை" என்றார். "பத்து மணிக்கு அவன் ஃபோன் பண்ணுவான். இருந்து பேசிட்டுப் போ."

கேசட்டைப் போட்டேன். மாமி தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். ஒரு சுற்று... ரெண்டு... மூணு. நாலாவதில் மாமியின் கை தானாக வேகம் பிடித்தது. கேசட்டில் வேகம் கூடவில்லை. கை மட்டும் முன்னால் போய், தனியாக நின்றது.

"ரொம்ப நன்னா இருக்கு" என்றார். "யாருடா வாசிக்கறது?"

அவ்வளவுதான். ஸ்டம்ப் எகிறிவிட்டது.

"ரகுதான் மாமி... நான் கொஞ்சம் சரி பண்ணிட்டேன்."

"பழசு இருக்கோல்லியோ?"

"இல்லை மாமி. அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

மாமி எழுந்துபோய் டேப்பை நிறுத்தினார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

உங்கள் நண்பனை எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பீர்கள்? செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிற சத்தம்... ஜோக்கைச் சொல்லிமுடிப்பதற்குள் அவனே சிரிப்பது... யோசித்துப் பாருங்கள், ஒன்றாவது நல்ல பழக்கமா?

பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. மாமி பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"மச்சி! எப்படிடா இருக்கே?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"உன்னை அழிச்சுட்டேன்டா."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன். கைல கிடைக்கறதை எடுத்துத் தட்டு. ஆதி தாளம்."

"லூசாடா நீ? இங்க ரூம்மேட் தூங்கறான்."

"அம்மாவுக்குடா! தட்டு!"

ரிசீவரை மாமியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாமியின் கை மட்டும் தொடையில் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று. ரெண்டு. மூணு. நாலாவது சுற்றில்... கை ஓடியது. மாமி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரெக்கார்டு செய்ய அன்று நான் எதையும் எடுத்துப்போகவில்லை. நல்லவேளை — என் கையில் கிடைத்தால் திருத்திவிடுவேன்!